ஒயில் குறையாத லொறி

புதுசா லைசன்ஸ் எடுத்து வந்திருக்கிற தம்பிகளுக்கு ஒண்ண மொதல்லயே சொல்லிடுறேன். பம்ப் எப்படிக் கழட்டுறது, காபரேட்டர எப்படித் தொடைக்கிறதுன்னெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. அதுக்கு வேற ஆள் இருக்காங்க, பொஸ்தகமும் இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல தோட்டத்து லொறி ஓட்டிட்டு இப்ப முதுகு வலியோட உக்காந்திருக்கிறவன் நான். என்கிட்ட சொல்றதுக்கு இருக்கிறது வேற. வண்டி ஏத்தத்துல நின்னு போச்சு, மழை கொட்டுது, பின்னால தேயிலைப் பெட்டி நனையுது, துரை கத்துறாரு. அந்த நேரத்துல உங்க வாயிலேருந்து மொதல்ல என்ன வார்த்தை வருது? அதுதான் விஷயம். என் வாயிலேருந்து என்ன வந்துச்சுன்னு சொல்றேன். கேட்டுட்டு என்னையத் திட்டணும்னு தோணுனா திட்டுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

ரெண்டாவது உலகச் சண்டை தொடங்குறதுக்குக் கொஞ்சம் முந்தி நடந்தது இது. மஸ்கெலியாவுக்கு மேல ஒரு தோட்டத்துல நான் லொறி டைவர். லொறின்னா நீங்க ஓட்டுற மாதிரி பெரிசு இல்ல. முன்னால ரெண்டு பேர் உக்காரலாம், பின்னால தொறந்த பெட்டி, அவ்வளவுதான். அப்பவே எட்டு வயசான வண்டி. ஸ்டோர்ல, அதான் தேயிலை அரைச்சித் தூளாக்குற எடத்துல, பெட்டி ஏத்தி அட்டன் ஸ்டேஷன்ல ரயிலுக்குக் குடுக்கணும். திரும்பி வரும்போது அரிசி, உரம், துரை பங்களாச் சாமான். தோட்டத்துக்கே ஒரு வண்டி, ஒரு டைவர். தலைக்கனத்துக்குக் கேக்கவா வேணும்! தொப்பி என்ன, கழுத்துல செவப்புக் கைக்குட்டை என்ன, ஏதோ நான்தான் சின்னத் துரைன்னு நெனப்பு.

பெற்றோலுக்குப் பொறுப்பு மாரிமுத்துங்கிறவன். என்னையவிட நாலஞ்சு வயசு சின்னவன். லொறிக் கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு காம்பராவுல பெற்றோல் டின் அடுக்கியிருக்கும், அதோட சாவி அவன் அரைஞாண் கயித்துல தொங்கும். காலையில புனல வச்சி ஒரு சொட்டு கீழ சிந்தாம டாங்கில ஊத்துவான். ஊத்திட்டு, "பாத்துப் போங்கண்ணே"ன்னு வண்டி மூஞ்சியில செல்லமா ஒரு தட்டுத் தட்டுவான். அவன் சம்சாரம் அஞ்சலைக்கு ஸ்டோர்ல தூள்ல கெடக்கிற காம்பு பொறுக்குற வேலை. அப்ப அவ ஏழு மாசம் முழுகாம இருந்தா.

அந்த ஆனி மாச மழையில என் லொறிக்கு ஒரு சீக்கு வந்துச்சு. எறக்கத்துல ராசா மாதிரி போகும். சமமான ரோட்டுல குறையே சொல்ல முடியாது. பாரத்தோட ஏத்தம் ஏறுனா மட்டும் இருமும், திக்கும், அப்புறம் செத்துப் போகும். கால்மணி நேரம் சும்மா விட்டா மறுபடி உசுரு வரும். கொஞ்ச தூரம் போகும், மறுபடி சாகும். அட்டனுக்கு ஏறுற கடைசி ஏத்தத்துல ஒரே வாரத்துல ரெண்டு தரம் மாட்டிக்கிட்டேன். ரெண்டு தரமும் பெட்டி போய்ச் சேர்றதுக்கு முந்தி ரயில் போயிடுச்சு. இன்னொரு விஷயம், பெற்றோல் டின்னும் வழக்கத்தவிட சீக்கிரமா காலியாச்சு. முந்தியெல்லாம் ஒரு டின்னுல ரெண்டு நடை அட்டனுக்குப் போய் வந்தும் மிச்சம் இருக்கும். இப்ப ரெண்டாவது நடை முடியிறதுக்குள்ள டாங்கி வத்திடும்.

ரெண்டாவது தரம் நின்னப்ப, மழையில நனைஞ்சிக்கிட்டே காபரேட்டர் கிண்ணத்தக் கழட்டி உள்ள இருந்த பெற்றோல உள்ளங்கையில ஊத்திப் பாத்தேன். தண்ணி கலந்திருந்தா அடியில முத்து மாதிரி உருண்டு நிக்கும். ஒண்ணும் நிக்கல. சுத்தமான பெற்றோல். இத நான் என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேங்கிறத மனசுல வச்சுக்கங்க.

மறுநாள் புதன்கிழமை. விடிஞ்சும் விடியாம பெரட்டு. எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி, யாரு எந்த மலைக்குப் போறதுன்னு பிரிச்சு விடுவாங்களே, அதுதான் பெரட்டு. முந்நூறு பேர் இருப்பாங்க, தலையில கம்பளியப் போட்டுக்கிட்டு. பெரிய துரை குதிரையிலேருந்து எறங்கி நேரா என்கிட்டதான் வந்தாரு.

"என்னா டைவர்? ரெண்டு தரம் ரயில் போறது, நம்ம பெட்டி போறதில்ல. நீ என்னா செய்றது ரோட்டுல? தூங்குறதா?"

முந்நூறு பேருக்கு முன்னால! பின்னால கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க கிக்கிகின்னு சிரிச்சாளுங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு.

"வண்டியில ஒரு குறையும் இல்லைங்க துரை. இஞ்சின் தங்கம். எட்டு வருஷத்து வண்டி, ரெண்டு மாசமா ஒரு சொட்டு ஒயில் கேக்கலைங்க. தெனம் அளவுக் கம்பிய விட்டுப் பாக்கிறேன், நெறஞ்சே நிக்குது."

இதப் பெருமையாச் சொன்னேன் பாருங்க! என் மடத்தனத்த நானே தமுக்கடிச்சிச் சொல்லியிருக்கேன். அது அப்ப எனக்கும் தெரியல, கேட்டவங்களுக்கும் தெரியல.

"அப்ப ஏன் நிக்குறது?"

நான் தெரியலைங்கன்னு சொல்லியிருக்கணும். அந்த ஒரு வார்த்தையச் சொல்ல நாக்கு வரல. தோட்டத்துக்கே ஒத்தை டைவர், எனக்குத் தெரியாதுன்னு முந்நூறு பேருக்கு முன்னால எப்படிச் சொல்றது? வாய்க்கு வந்தத எடுத்து விட்டேன். "பெற்றோல் சரியில்லைங்க. யாரோ பெற்றோல எடுத்துட்டுத் தண்ணிய ஊத்தி வைக்கிறாங்க. டின்னும் சீக்கிரமாக் காலியாகுது."

துரை மெதுவாத் திரும்புனாரு. "சாவி யாரு கையில்?"

எல்லார் கண்ணும் மாரிமுத்து மேல. அவன் துரையப் பாக்கல, என்னையப் பாத்தான். "டைவரண்ணே, நீங்களா இப்படிச் சொல்றீங்க?"ன்னான். சத்தம் போட்டுக் கேட்டிருந்தாலாவது நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாக் கேட்டான். நான் ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அஞ்சு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிச்சு. சாவிய வாங்கி ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிளாக்கரய்யாகிட்ட குடுத்தாங்க. வேலைக் கணக்குலேருந்து பேர வெட்டுனாங்க. சனிக்கிழமை காலையில பத்துச்சீட்ட வாங்கிட்டு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவக் காலி பண்ணணும். பத்துச்சீட்டுன்னா இங்க வேலை முடிஞ்சிச்சுன்னு எழுதிக் குடுக்கிற துண்டு. களவுக்காக வெட்டுன ஆள எந்தத் தோட்டத்துலயும் எடுக்க மாட்டாங்க. துரைமாரெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறவங்கதான். கொத்மலைப் பக்கம் போனாலும் சரி, இறம்பொடைப் பக்கம் போனாலும் சரி, அவனுக்கு முந்தி அவன் பேர் போயிரும். கொட்டுற மழை, வயித்துல புள்ளையோட பொண்டாட்டி. இதெல்லாம் எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு மத்தியானம் நல்லாச் சாப்பிட்டேன். இன்னைக்கு அத நெனச்சா எனக்கே என் மேல அருவருப்பா இருக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டி ஏத்துறதுக்காக ஸ்டோருக்குப் போனேன். லொறிய வாசல்ல நிப்பாட்டி, கம்பிய விட்டு ஒயில் பாத்தேன். நெறஞ்சு நிக்குது. சந்தோஷம்! கையச் சட்டையில தொடைச்சிக்கிட்டு, பெட்டி தயாரான்னு கேக்க தூள் காம்பராவுக்குள்ள கால வச்சேன்.

தேயிலைத் தூள் இருக்கே, அது மாதிரி வாசம் பிடிக்கிற சாமான் ஒலகத்துலயே இல்ல. பக்கத்துல வெங்காயம் இருந்தா வெங்காயம் மணக்கும். அதனால அந்தக் காம்பராவுல பூ வச்சிக்கிட்டுப் போகக் கூடாது, பீடி குடிச்சிட்டுப் போகக் கூடாது, தலைக்கு வாசன எண்ணெய் கூடாது. அங்க வேலை செய்யிற பொம்பளைங்களுக்கு மூக்குன்னா மூக்கு, அப்படி ஒரு மூக்கு.

அஞ்சலை கீழ உக்காந்து காம்பு பொறுக்கிக்கிட்டிருந்தா. நான் உள்ள வந்ததும் தலைய நிமித்துனா. என் மூஞ்சியப் பாத்ததும் எழும்பிட்டா, வயித்தப் பிடிச்சிக்கிட்டு.

"அங்கயே நில்லுய்யா! பெற்றோல் நாத்தத்தோட உள்ள வராத!"

"என்ன தங்கச்சி, பெற்றோல நான் இன்னைக்குத் தொடவே இல்லையே..."

"தங்கச்சியாம்ல தங்கச்சி! கையில நாறுது, சட்டையில நாறுது. என் புருஷன்கிட்ட சாவிய வாங்கி மூணு நாளாச்சு. இப்ப யாரு கையில பெற்றோல் நாறுது? எல்லாரும் வந்து மோந்து பாருங்கடி! கள்ளன் யாருன்னு தெரியும்!"

பொம்பளைங்க எல்லாரும் எழும்பி நின்னுட்டாளுங்க. சத்தம் கேட்டு டீமேக்கரய்யா ஓடி வந்தாரு. ஸ்டோர நடத்துறவரு அவருதான். தூள மோந்து பாத்தே எந்த மலைக் கொழுந்துன்னு சொல்லிருவாரு. என் கையப் பிடிச்சி மோந்து பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சாரு.

"டைவர், இது பெற்றோல்தான்."

எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. "சாமி சத்தியமாச் சொல்றேன்யா! நான் பெற்றோல் பக்கமே போகல! இது ஒயிலு! இப்பத்தான் கம்பிய விட்டு ஒயில் பாத்துட்டு..."

அப்படியே நின்னுட்டேன்.

ஒயில்ல எப்படிடா பெற்றோல் மணக்கும்?

வெளிய ஓடுனேன். கம்பிய மறுபடி உருவுனேன். ரெண்டு மாசமா அது எவ்வளவு நெறஞ்சிருக்குன்னு பாத்தேனே தவிர, ஒரு நாளாவது வெரல்ல தொட்டுத் தேச்சுப் பாத்ததில்ல. இப்பத் தேச்சேன். ஒயில் பிசுபிசுன்னு வெரல்ல ஒட்டணும். இது சோறு வடிச்ச கஞ்சி மாதிரி ஓடுச்சு. வாசம் எனக்குத் தெரியல, பெற்றோலோடயே பொழங்குன மூக்கு மரத்துப் போயிருந்துச்சு. டீமேக்கரய்யாவ மோந்து பாக்கச் சொன்னேன். அவரு மழையில குனிஞ்சி மோந்துட்டு, "அடப்பாவி"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

ஒரு பெரிய சட்டிய அடியில வச்சி ஒயிலத் தொறந்து விட்டேன். நான் ஊத்துனது ஒரு சட்டி. வந்தது சட்டி நெறஞ்சி, அதுக்கு மேல இன்னொரு வாளி. அப்புறம் பெற்றோல் பம்பக் கழட்டுனேன். உள்ள ஒரு மெல்லிசு ஜவ்வு இருக்கும், அது ஆடி ஆடித்தான் டாங்கியிலேருந்து பெற்றோல உறிஞ்சி மேல தள்ளும். அது கிழிஞ்சி தொங்குது. மேல போக வேண்டிய பெற்றோல்ல பாதி போகல, அதான் ஏத்தத்துல மூச்சு வாங்கியிருக்கு. மிச்சத்துல கொஞ்சம் ரோட்டுல சொட்டி மழையோட மழையாப் போயிருக்கு, கொஞ்சம் கீழ எறங்கி ஒயிலோட கலந்திருக்கு. ஒயில் குறையலைன்னு நான் பீத்திக்கிட்டது, கூடிக்கிட்டே போனதத்தான்! களவாணி என் வண்டிக்குள்ளயே இருந்திருக்கான், நான் அவனத் தெனம் கம்பிய விட்டுப் பாத்து மெச்சியிருக்கேன்.

தம்பிகளா, ஒயில் குறைஞ்சா பயப்படுங்க, சரி. குறையவே இல்லைன்னா இன்னும் அதிகமாப் பயப்படுங்க. அந்த ஒயிலோட நான் இன்னும் ரெண்டு நடை ஓட்டியிருந்தா இஞ்சின் இறுகியிருக்கும், இல்லாட்டி தீப்பிடிச்சி நானும் வண்டியும் பள்ளத்துல கெடந்திருப்போம். அன்னைக்கு அஞ்சலை என்னையக் கள்ளன்னு கத்தலைன்னா இன்னைக்கு உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்க நான் இல்ல. என்னைய ஏசுனவங்க வாழ்க்கையில எத்தனையோ பேர். அதுல நான் கும்புடுற ஏச்சு அது ஒண்ணுதான்.

துரை அன்னைக்கு நுவரெலியாவுக்குப் போயிருந்தாரு, சனிக்கிழமை பெரட்டுக்குத்தான் வருவாரு. நான் கிழிஞ்ச ஜவ்வ எடுத்துக்கிட்டு கிளாக்கரய்யாகிட்ட ஓடுனேன். அவரு நல்ல மனுஷன், என் மேல பிரியமும் உண்டு. எல்லாத்தயும் கேட்டுட்டுக் கதவச் சாத்துனாரு.

"இங்க பாரு, அவசரப்படாத. ரெண்டு மாசமா ஓட்டுன வண்டியில இது தெரியலைன்னு சொன்னா துரை உன்னையத் தூக்கிடுவாரு. பம்பு நேத்துத்தான் போச்சுன்னு சொல்லு. மாரிமுத்து பொண்டாட்டி புள்ளத்தாச்சி, பாவம்னு சொல்லி அவன மன்னிச்சு விடச் சொல்லி நான் துரைகிட்ட பேசுறேன். எனக்காகக் கேப்பாரு. அவனுக்கும் வேலை இருக்கும், உனக்கும் இருக்கும். யாருக்கும் நட்டம் இல்ல."

நல்லாத்தான் பட்டுச்சு. சத்தியமா எனக்கு நல்லாத்தான் பட்டுச்சு. "சரிங்கய்யா"ன்னு தலையாட்டிட்டு வெளிய வந்துட்டேன். கொட்டகைக்கு நடந்து வரும்போதுதான் ஒறச்சிச்சு. மன்னிச்சு விட்டா மாரிமுத்து யாரு? துரை மன்னிச்சு விட்ட கள்ளன். நாளைக்கு ஸ்டோர்ல ஒரு ஆணி காணாமப் போனாலும் அவனத்தான் கேப்பாங்க. அவனுக்குப் பொறக்கப் போற புள்ளைக்கும் அந்தப் பேர்தான். நட்டம் இல்லையாம்! முந்நூறு பேருக்கு முன்னால நான் பறிச்ச பேர, கதவச் சாத்திக்கிட்டு எப்படித் திருப்பிக் குடுக்கிறது?

அன்னைக்கே லயத்துக்குப் போய் மாரிமுத்துகிட்ட சொல்லியிருக்கணும். கால் போகல. வெட்டுன பேரச் சேக்கிறது துரை வாயிலதான் இருக்கு, வெறுங்கையோட போய் என்ன சொல்றதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். பயம்தான், வேற ஒண்ணும் இல்ல.

சனிக்கிழமை பெரட்டுல, யாரும் கூப்பிடுறதுக்கு முந்தியே முன்னால போய் நின்னேன். ஒரு கையில ஒயில் சட்டி, ஒரு கையில ஜவ்வு. தொப்பிய வீட்டுலயே வச்சிட்டுப் போயிருந்தேன். கிளாக்கரய்யா வேணாம்னு கண்ணக் காட்டுனாரு. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

"துரை, மாரிமுத்து ஒரு சொட்டு எடுக்கலைங்க. பம்பு கிழிஞ்சி பெற்றோல் ஒயிலுக்குள்ள போயிருக்கு. நான் தெனம் பாத்தும் கண்டுபிடிக்கல. தண்ணி ஊத்துறாங்கன்னு சொன்னது பொய்யிங்க. அன்னைக்கு மழையில நானே பாத்தேன், தண்ணி இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

துரை சட்டிய வாங்கி மோந்து பாத்தாரு. ஜவ்வ வெளிச்சத்துல பிடிச்சிப் பாத்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்புனாரு.

"ஒரு மாசம் லொறி இல்ல உனக்கு. மலைக்குப் போறது, கான் வெட்டுறது. இப்ப நீ போறது, அவன நீ கூட்டி வர்றது."

வேலை போகலையேன்னு அழுகையே வந்திருச்சு. ஒரு மாசம் மழைத் தண்ணி ஓடுற கான் வெட்டி உள்ளங்கையெல்லாம் கொப்பளிச்சிச்சு. அந்தத் துரைக்கும் நான் நன்றிக் கடன்பட்டவன்தான். என்னைய வெட்டி அனுப்புறது அவருக்கு ஒரு கையெழுத்து, அத அவரு போடல.

பேர் வெட்டுன ஆளு பெரட்டுக்கு வர மாட்டான். அதனால நான் சொன்னது முந்நூறு பேர் காதுலயும் விழுந்திச்சு, விழ வேண்டியவன் காதுல விழல. லயத்துக்கு ஓடுனேன். மாரிமுத்து வாசப்படியில உக்காந்திருந்தான். பக்கத்துல கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டுன சாக்கு மூட்டை ஒண்ணு. மூச்சு வாங்க எல்லாத்தயும் சொன்னேன். தண்ணி இல்லைன்னு தெரிஞ்சேதான் சொன்னேங்கிறதயும் சொன்னேன். அவன் குறுக்க பேசாமக் கேட்டான். சந்தோஷமும் படல, கோவமும் படல. நான் "எங்க போறதா இருந்தீங்க?"ன்னு கேட்டேன்.

"தெரியலண்ணே. அட்டன் வரைக்கும் நடந்துட்டா அங்க போய் யோசிக்கலாம்னு இருந்தோம்"ன்னான்.

அட்டன் வரைக்கும்! நான் லொறியில போயே இடுப்பு ஒடியிற தூரம். ஏழு மாச வயித்தோட அவள நடக்க வச்சி, அதுக்கப்புறம்தான் எங்க போறதுன்னே யோசிக்கணும். இதெல்லாம் என் ஒரு வார்த்தையால. அப்படியே ஈரத் தரையில உக்காந்துட்டேன்.

அஞ்சலை உள்ளேருந்து வந்தா. எல்லாம் கேட்டிருப்பா. வெளக்கமாத்தத் தூக்குவான்னுதான் நெனச்சேன், தூக்கியிருந்தாலும் வாங்கிக்கிட்டிருப்பேன். அவ மூட்டைகிட்ட சிரமப்பட்டு உக்காந்து, கயித்த அவுக்க ஆரம்பிச்சா. மழையில நனைஞ்ச முடிச்சு, லேசுல அவுறல. பல்லால இழுத்தா. பாய எடுத்து வெளிய வச்சா, சேலைய எடுத்து வச்சா, சாமி படத்த எடுத்து வச்சா, ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே போனா. அடியில ரெண்டு டம்ளர் இருந்துச்சு. ஒண்ண எடுத்து முந்தானையில தொடைச்சா.

"இருங்கண்ணே, அடுப்பு இன்னும் அணையல. தேத்தண்ணி ஊத்துறேன்"ன்னா.